“புதுசா வாங்கிடுங்க சார்!”

“புதுசா வாங்கிடுங்க சார்.” கடந்த ஒரு வருஷத்தில் இந்த மூன்று வார்த்தைகளை மூன்று பேர் என்னிடம் சொல்லிவிட்டார்கள். ஒருவர்கூட என் கம்ப்யூட்டரைத் திறந்து பார்க்கவில்லை. ஒருவர் போனிலேயே சொன்னார். இன்னொருவர் சேலத்தில் தன் கடையில் உட்கார்ந்தபடி, என்ன மாடல் என்று மட்டும் கேட்டுவிட்டு, நாற்பத்தைந்தாயிரத்துக்கு ஒரு கொட்டேஷன் எழுதிக் கொடுத்தார். மூன்றாமவர் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வீட்டுக்கே வந்தார். காபி குடித்தார். டிவியை ஐந்து நிமிஷம் பார்த்தார். அதே மூன்று வார்த்தையைச் சொன்னார். செருப்பை மாட்டிக்கொண்டே, “கண் ஆபரேஷன் பண்ணியிருக்கீங்களா சார்? அதனாலயும் அப்படித் தெரியலாம்” என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

விஷயம் சின்னதுதான். எங்கள் கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. 2014-ல் மகன் பொருத்திக் கொடுத்தது. இன்டெல் நான்காம் தலைமுறை ஐ3, எட்டு ஜிபி ராம். அதில் இருநூறு முந்நூறு பழைய படங்கள். பெரும்பாலும் என்னிடம் இருந்த டிவிடிகளிலிருந்து நானே பொறுமையாக மாற்றி வைத்தவை. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் ஏற்காட்டில் வெளியே என்ன வேலை? பனி இறங்கிவிடும். கதவைச் சாத்திக்கொண்டு நானும் என் மனைவியும் ஒரு படம் பார்ப்போம். கண்ணும் காதும் நன்றாக இருக்கும்வரை கிடைக்கிற சந்தோஷம் இது.

அந்தச் சந்தோஷத்தில்தான் கோளாறு வந்தது. படம் திக்க ஆரம்பித்தது. நின்று போகவில்லை, வட்டம் சுற்றவில்லை, சத்தம் அறுபடவில்லை. ஆனால் ஆள் நடந்தால் நடை சீராக இல்லை. கேமரா பக்கவாட்டில் திரும்பினால் மரமும் மலையும் தடுக்கித் தடுக்கி நகர்ந்தன. “யாரோ பின்னாலேர்ந்து இழுத்து இழுத்து விடற மாதிரி இருக்குதுங்க” என்றாள் மனைவி. இதைவிடச் சரியாக ஒரு இன்ஜினீயராலும் சொல்ல முடியாது. அவளுக்குக் கண் ஆபரேஷன் எதுவும் ஆகவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

நான் மின்வாரியத்தில் ஜே.ஈ.யாக இருந்து ஓய்வு பெற்றவன். கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. ஆனால் கோளாறு என்பது எனக்குப் புதிதில்லை. அதைத் தேடுகிற முறை ஒன்று எங்களுக்கு உண்டு.

மழைக்கால ராத்திரியில் நாகலூர் பக்கம் போகிற 11 கேவி லைன் ட்ரிப் ஆகிவிட்டது என்று வையுங்கள். மைல் கணக்கில் எஸ்டேட்டுக்குள் போகிற லைன். சில்வர் ஓக் கிளை ஒன்று சாய்ந்து கம்பியைத் தொட்டிருக்கலாம். ஒரு பின் இன்சுலேட்டர் வெடித்திருக்கலாம். எங்கே என்று தெரியாது. லைன்மேன் என்ன செய்வார்? பாதி வழியில் இருக்கிற ஏபி சுவிட்சைத் திறந்துவிட்டு முதல் பாதிக்கு மட்டும் கரண்ட் கொடுக்கச் சொல்வார். நின்றால் முதல் பாதி சுத்தம். கோளாறு அந்தப் பக்கம். மறுபடி அதில் பாதி. இப்படி மூன்று நான்கு தடவை பிரித்தால் தேட வேண்டிய தூரம் பத்துக் கம்பத்துக்குள் வந்துவிடும். டார்ச் லைட்டோடு நடந்து போய்ப் பார்த்துவிடலாம்.

என் சர்வீஸில் எத்தனையோ லைன்மேன்களைப் பார்த்திருக்கிறேன். மழையில் நனைந்து, அட்டைக்கடி வாங்கி, அலுத்துப்போய் நின்றவர்கள் உண்டு. “லைன் பழசு சார், மொத்தத்தையும் புதுசா இழுத்துடலாம்” என்று ஒருவரும் சொன்னதில்லை. சொன்னால் அவரை லைன்மேன் என்று யாரும் மதித்திருக்க மாட்டார்கள்.

இன்று படித்து, டை கட்டி, குளிர்சாதனக் கடையில் உட்கார்ந்திருக்கிற நிபுணர்கள் முதல் வார்த்தையாக அதைத்தான் சொல்கிறார்கள். நாமும் தலையாட்டுகிறோம். இதுதான் என் சண்டை.

சரி, நானே தேடினேன். நாலு நாள் ஆயிற்று. வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் பயன்படும்.

படம் கண்ணுக்கு வந்து சேர்வதற்கு நாலு இடம் தாண்டுகிறது. முதலில் ஃபைல், அதாவது ஹார்ட் டிஸ்கிலிருந்தோ இன்டர்நெட்டிலிருந்தோ வருகிற சரக்கு. இரண்டாவது, அந்தச் சுருக்கிக் கட்டிய சரக்கைப் பிரிக்கிற வேலை. மூன்றாவது, பிரித்த படங்களைக் கேபிள் வழியாக டிவிக்கு அனுப்புகிற வேகம். நாலாவது டிவி. லைனைப் போலவே இதையும் நடுவில் வெட்டிப் பார்க்கலாம்.

முதல் வெட்டு: ஃபைலா, நெட்டா? எங்கள் வீட்டுச் சுவர் பழைய கருங்கல் சுவர். வைஃபை அதைத் தாண்ட மூச்சு வாங்கும். ஆகவே நெட்டைப் பிடுங்கிவிட்டு, ஹார்ட் டிஸ்கில் இருக்கிற படத்தையே போட்டேன். அப்போதும் திக்கியது. ஆக நெட் குற்றவாளி இல்லை. இந்த ஒரு சோதனைக்கு ஒரு நிமிஷம் போதும். “200 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறுங்க” என்று போனில் சொன்னாரே, அவர் இந்த ஒரு நிமிஷத்தைச் செலவழிக்கவில்லை. பெரிய 4கே படம் நெட்டில் வந்தாலே 25 எம்பிபிஎஸ் இருந்தால் தாராளம்.

இரண்டாவது வெட்டு: பிரிக்கிற வேலையில் தடுமாறுகிறதா? படம் ஓடும்போதே டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். சிபியு பத்து சதவீதத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. விஎல்சி பிளேயரில் ‘டூல்ஸ்’ மெனுவுக்குள் மீடியா இன்ஃபர்மேஷன், அதில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்று ஒரு பக்கம் உண்டு. எத்தனை ஃப்ரேம் காட்டியது, எத்தனை தவறவிட்டது என்று கணக்குச் சொல்லும். தவறவிட்டது பூஜ்யம். ஆக, கம்ப்யூட்டர் தன் வேலையை ஒழுங்காகவே செய்கிறது. எதைத் தூக்கிப் போடு என்று மூன்று பேர் சொன்னார்களோ, அதன்மேல் குற்றமே இல்லை.

இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. கூடவே ஒரு வெட்கமும் வந்தது. எந்த லைன் ட்ரிப்பானாலும் நாங்கள் கேட்கிற முதல் கேள்வி, “கடைசியா அங்க என்ன வேலை நடந்தது?” என்பது. அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. கடைசியாக மாறியது என்ன? டிவி! பழைய டிவி போய், மகள் வாங்கிக் கொடுத்த 4கே டிவி வந்து ஒன்றரை வருஷம். திக்கல் ஆரம்பித்ததும் அன்றிலிருந்துதான். பழையது கம்ப்யூட்டர், புதியது டிவி. ஆகவே தப்பு பழையதன் மேல்தான் இருக்கும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம். வீட்டில் வயசானவர்களைப் பற்றியும் சில சமயம் இப்படித்தான் நினைக்கிறார்கள். அது வேறு கதை.

மூன்றாவது வெட்டு: கேபிள் வழியாகப் போகிற வேகம். விண்டோஸில் டிஸ்ப்ளே செட்டிங்ஸ், அதற்குள் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே. அங்கே ரிஃப்ரெஷ் ரேட் என்று ஒன்று இருக்கும். திரையில் படத்தை விநாடிக்கு எத்தனை தடவை புதுப்பிக்கிறது என்ற கணக்கு. என்னுடையதில் 30 என்று இருந்தது.

நடந்தது இதுதான். புது டிவியைச் செருகியவுடன், அது 4கே டிவி என்று கம்ப்யூட்டர் கண்டுகொண்டு தானாகவே 4கே-வுக்கு மாறிக்கொண்டது. ஆனால் அந்தக் காலத்து ஹெச்டிஎம்ஐ, அதாவது 1.4 வகை, 4கே படத்தை விநாடிக்கு 30 தடவைக்கு மேல் அனுப்பாது. அறுபது வேண்டுமென்றால் 2.0 வகை வேண்டும். ஆகவே கம்ப்யூட்டர் தன்னால் முடிந்ததை, 4கே 30-ஐ, அனுப்பிக்கொண்டிருந்தது. சினிமாப் படம் விநாடிக்கு 24 ஃப்ரேம். 24 படத்தை 30 இடத்தில் எப்படி நிரப்புவது? நாலு படத்துக்கு ஒரு படம் இரண்டு தடவை காட்டப்படும். விநாடிக்கு ஆறு இடத்தில் படம் ஒரு கணம் நின்று போகும். “பின்னாலேர்ந்து இழுத்து இழுத்து விடற மாதிரி” என்றாளே, அந்த இழுப்பு விநாடிக்கு ஆறு!

ரெசல்யூஷனை 1080-க்குக் குறைத்து, 60-க்கு மாற்றினேன். பழைய படத்தை 4கே-யில் அனுப்பி ஆகப்போவது ஒன்றுமில்லை. 1080-ஐப் பெரிதாக்கும் வேலையை டிவி நன்றாகவே செய்கிறது. முக்கால்வாசித் திக்கல் அந்த நிமிஷமே போய்விட்டது. செலவு: பூஜ்யம்.

முக்கால்வாசிதான். மீதி கால்வாசியை நிச்சயம் செய்துகொள்ள ஒரு படம் போட்டேன். எந்தப் படம் என்று இந்த மலையில் இருக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மாடர்ன் தியேட்டர்ஸ் ‘மந்திரி குமாரி’, 1950. சேலத்திலிருந்து ஏற்காடு வருகிற ரோட்டில் அந்த ஸ்டுடியோவின் வளைவை இன்றைக்கும் பார்க்கிறோம். டி.ஆர்.சுந்தரம் அங்கே உட்கார்ந்து ஏராளமான படங்கள் எடுத்தார். தமிழின் முதல் முழுநீளக் கலர் படம் என்று சொல்லப்படும் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’, மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ எல்லாம் அந்தக் கம்பெனியின் படங்கள்தான். ‘மந்திரி குமாரி’யில் எஸ்.ஏ.நடராஜனும் மாதுரி தேவியும் மலை உச்சிக்கு ஏறுகிற பாட்டு இருக்கிறதே, திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடியது, அதை எங்கள் ஏற்காட்டு மலையில் எடுத்தார்கள் என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். கணவன் தள்ளிவிடத்தான் கூட்டிப் போகிறான் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். கடைசியில் விழுவது யார் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

அந்த மலை இன்னும் லேசாகத் தடுக்கியது. பழக்கமில்லாதவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது.

இப்போது எனக்குக் கணக்குப் பிடிபட்டுவிட்டது. 60-ஐ 24-ஆல் வகுத்துப் பாருங்கள். இரண்டரை. அரைப் படத்தை எப்படிக் காட்டுவது? ஆகவே ஒரு ஃப்ரேமை இரண்டு தடவை, அடுத்ததை மூன்று தடவை, மறுபடி இரண்டு, மறுபடி மூன்று என்று காட்டுகிறது. ஒரு கால் குட்டையான ஆள் நடப்பது மாதிரி. பழைய தியேட்டர் புரொஜக்டரில் இந்தத் தொல்லை கிடையாது. ஒவ்வொரு ஃப்ரேமையும் ஷட்டர் இரண்டு தடவை வெட்டிக் காட்டும். எல்லா ஃப்ரேமுக்கும் சம நேரம். அதனால்தான் டூரிங் டாக்கீஸில் மணலில் உட்கார்ந்து பார்த்தபோது, அறுந்த ஃபிலிம், மழை மாதிரிக் கோடு எல்லாம் இருந்தும், நடை மட்டும் சீராக இருந்தது.

60 என்பது எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் கரண்ட் 60 சைக்கிள். அந்த ஊர் டிவி அதை ஒட்டி 60. கம்ப்யூட்டர் உலகமும் அந்த எண்ணையே வழக்கமாக்கிக்கொண்டது. நம் நாட்டில் 50 சைக்கிள். அதனால் தூர்தர்ஷன் காலத்திலிருந்து நம் டிவிக்கு விநாடிக்கு 25 படம், 50 பாதிப் படம். 24-ல் எடுத்த சினிமாவை டிவிக்கு மாற்றும்போது, சிரமம் வேண்டாம் என்று 25-ல் ஓட்டிவிடுவார்கள். நாலு சதவீதம் வேகம். இரண்டரை மணி நேரப் படம் ஆறு நிமிஷம் முன்னாலேயே முடிந்துவிடும், பாட்டும் லேசாகச் சுருதி ஏறி ஒலிக்கும். அந்த 25-ஐ 60 திரையில் போட்டால் ஐந்து ஃப்ரேமுக்குப் பன்னிரண்டு இடம். அதுவும் ஒழுங்காக வராது. 50 திரையில் போட்டால் ஒவ்வொன்றுக்கும் சரியாக இரண்டு. வாழ்நாள் முழுக்க 50 சைக்கிளைக் காப்பாற்றிய எனக்கு இது தோன்ற நாலு நாள் ஆயிற்று!

வைத்தியம் இதுதான். 25 படத்துக்கு டிவியை 50-ல் வை. 24 படத்துக்கு 24-ல் வை. இன்றைய டிவிகள் பெரும்பாலும் இரண்டையும் ஏற்றுக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் கையால் மாற்ற வேண்டியதில்லை. கோடி என்று ஒரு இலவச பிளேயர் இருக்கிறது. அதில் செட்டிங்ஸ், பிளேயர், வீடியோஸ் பகுதியில் ‘அட்ஜஸ்ட் டிஸ்ப்ளே ரிஃப்ரெஷ் ரேட்’ என்பதைப் போட்டுவிட்டால், படத்துக்கு ஏற்ற வேகத்துக்கு அதுவே டிவியை மாற்றிவிடும். படம் முடிந்ததும் பழையபடி ஆக்கிவிடும். மாறும்போது ஒரு விநாடி திரை கறுப்பாகும், பயப்பட வேண்டாம்.

போட்டேன். மறுபடி அந்த மலைப்பாட்டு. மலை நகர்ந்தது, தடுக்கவில்லை. “இப்ப யாரும் இழுக்கலைங்க” என்றாள்.

கதை இதோடு முடிந்தால் இது வெறும் ரிப்பேர்க் குறிப்பாகப் போயிருக்கும். தீபாவளிக்குப் பேரன் வந்தான். போன வருஷம் காலேஜுக்காக வாங்கிய புது லேப்டாப் வைத்திருந்தான். கிட்டத்தட்ட அந்தக் கொட்டேஷன் விலைதான். எனக்கு ஒரு யோசனை. அதே டிவி, அதே ஃபைல், கேபிளை மட்டும் பிடுங்கி அவன் லேப்டாப்பில் செருகினேன். வாங்கிய நாளிலிருந்து அவன் எந்த செட்டிங்கையும் தொட்டதில்லை. 4கே, 60. ‘மந்திரி குமாரி’யைப் போட்டோம். மலை தடுக்கியது! இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “ஆமா தாத்தா, இப்ப எனக்கும் தெரியுது” என்றான் அவன்.

யோசித்துப் பாருங்கள். நான் அந்த மூன்று பேரில் ஒருவர் பேச்சைக் கேட்டு நாற்பத்தைந்தாயிரம் கொடுத்திருந்தால், வீட்டுக்குப் புது டப்பா வந்திருக்கும். முக்கால்வாசித் திக்கல் தற்செயலாகப் போயிருக்கும். மீதி அப்படியே இருந்திருக்கும். அப்போது எனக்கு என்ன சொல்லியிருப்பார்கள்? புதுசிலும் அப்படித்தான் தெரிகிறது என்றால், சார், அது உங்கள் கண்தான். நானும் நம்பியிருப்பேன். அடுத்த வாரம் சேலத்துக்கு இறங்கிக் கண் டாக்டரிடம் உட்கார்ந்திருப்பேன்.

பணம் போவதுகூடப் பெரிசில்லை. தன் கண்ணால் பார்த்ததையே ஒரு மனுஷன் சந்தேகப்படும்படி ஆக்குகிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நமக்கு வயசாகிவிட்டது, உண்மை. பேர் மறக்கிறது, மூட்டு வலிக்கிறது, அதுவும் உண்மை. ஆனால் ஒரு கோளாறைப் பற்றி நாம் சொல்வதைச் சாட்சியமாக எடுத்துக்கொண்டு சோதிப்பதுதான் மெக்கானிக்கின் வேலை. சோதிக்காமலே சாட்சியைக் குற்றம் சொல்வது வேலையே இல்லை.

எதிர்த்தரப்பு நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஏரிக்கரையில் என்னோடு காலையில் நடக்கிற நண்பர் ஒருவர் கேட்டார்: “நாலு நாள் மண்டையை உடைச்சுக்கிட்டீங்க. மூவாயிரம் நாலாயிரத்துக்கு ஒரு சின்ன டப்பா கிடைக்குது, டிவியில மாட்டினா எல்லாம் ஓடுது. இது என்ன வீம்பு?” கேள்வியில் தப்பில்லை. பழைய கம்ப்யூட்டரால் உண்மையிலேயே முடியாத வேலைகள் உண்டு. படத்தைச் சுருக்கிக் கட்டுகிற முறை மாறிக்கொண்டே வருகிறது. 2003-ல் வந்த ஹெச்.264-ஐ என் கம்ப்யூட்டர் தூங்கிக்கொண்டே பிரிக்கும், ஏனென்றால் அதற்கென்றே சிப்பில் தனி இடம் இருக்கிறது. 2013-ல் வந்த ஹெச்இவிசி-க்கு இன்டெல்லில் ஆறாம் தலைமுறையும், அதன் பத்து பிட் வகைக்கு ஏழாம் தலைமுறையும் வேண்டும். 2018-ல் வந்த ஏவி1-க்குப் பதினொன்றாம் தலைமுறை. தனி இடம் இல்லாவிட்டால் சிபியு தன் தலையிலேயே அந்தப் பாரத்தைச் சுமக்க வேண்டும். அப்போது நூறு சதவீதத்தைத் தொடும், ஃப்ரேம்கள் நிஜமாகவே தவறும்.

யூடியூபில் இது எனக்கும் நடந்தது. படத்தின்மேல் வலது பொத்தானை அழுத்தி, ‘ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ என்பதைத் தொட்டால் ‘டிராப்டு ஃப்ரேம்ஸ்’ கணக்குக் காட்டும். அது ஏறிக்கொண்டே போனது. கோடெக் என்ற வரியில் ஏவி01 என்று இருந்தது. ஹெச்264ஐஃபை என்று பிரவுசரில் சேர்க்கிற சின்ன இணைப்பு ஒன்று உண்டு. அதைப் போட்டதும் யூடியூப் பழைய ஹெச்.264-லேயே அனுப்ப ஆரம்பித்தது, கணக்கு நின்றுவிட்டது. 1080-க்கு மேல் அந்த முறையில் கிடைக்காது. எனக்கு அது போதும். போதாதவர்கள் புதுசு வாங்கட்டும். காரணம் தெரிந்து வாங்குகிறார்கள். நான் குறுக்கே நிற்கவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். மூடியைக் கழற்றிப் பார்த்தபோது சிபியு மேலிருக்கும் ஃபேனில் கம்பளி மாதிரி தூசி. குளிர் ஊர்தானே, சூடு எங்கே வரப்போகிறது என்று நாம் நினைக்கிறோம். சிப்புக்கு ஊர்க் குளிர் தெரியாது. தூசி மூடினால் சூடாகும். சூடானால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் நம் ஊர் ஈரத்தில் அந்தத் தூசி அப்படியே கெட்டியாகிவிடும். ஒரு பெயின்ட் பிரஷ், பத்து நிமிஷம். பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் செய்யுங்கள். மின்வாரியக்காரன் சொல்கிறேன்.

டிவிக்காரர்கள் சொல்லும் குறுக்கு வழி ஒன்றும் உண்டு. மோஷன் ஸ்மூத்திங் மாதிரிப் பெயர்களில், டிவியே இல்லாத ஃப்ரேம்களைக் கற்பனையாகச் செய்து நடுவில் செருகும். திக்கல் மறையும்தான். கூடவே எம்.ஜி.ஆரின் வாள் சண்டை மத்தியான சீரியல் மாதிரி வழவழவென்று ஆகிவிடும். கோளாறை மறைப்பது வேறு, சரிசெய்வது வேறு.

சில ஃபைல்களுக்கு வைத்தியமே கிடையாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 24 படத்தை முன்பே யாரோ அரைகுறையாக 30 ஆக்கிப் பதிந்து வைத்திருந்தால், திக்கல் ஃபைலுக்குள்ளேயே இருக்கிறது. எந்தக் கம்ப்யூட்டரும் அதைத் தீர்க்காது. நல்ல பிரதியைத் தேட வேண்டியதுதான். ஆனால் அதுவும் ஒரு விடைதான். அது தெரிந்தால் கடைக்குப் போகும் ஆட்டோ காசாவது மிச்சம்.

அப்படியானால் ஏன் எல்லோரும் அதே மூன்று வார்த்தையைச் சொல்கிறார்கள்? கெட்ட எண்ணம் என்று நான் நினைக்கவில்லை. தேடுவதற்குக் கூலி கிடையாது, விற்பதற்கு லாபம் உண்டு. அரை மணி நேரம் உட்கார்ந்து 30-ஐ 60 ஆக்கிவிட்டு ஐந்நூறு ரூபாய் கேட்டால் நாமே, “பட்டனைத் தட்டினதுக்கா ஐந்நூறு?” என்று கேட்போம். அதே ஆள் நாற்பத்தைந்தாயிரத்துக்கு டப்பாவைக் கொண்டுவந்து வைத்தால் டீயும் மிக்சரும் கொடுத்து அனுப்புவோம். ஆக, தப்பில் பாதி நம்முடையது. அறிவுக்குக் காசு கொடுக்க மனசு வராத ஊரில் பொருள் மட்டும்தான் விற்கும். கம்பெனிகளும் இதற்கு ஒத்தாசை. விண்டோஸ் 10-க்குக் கொடுத்துவந்த இலவச ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு பொதுவில் நிறுத்திக்கொண்டார்கள். விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே பெரும்பாலும் அதிகாரபூர்வமாக இடமில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற மெஷின் ஒரே தேதியில் கிழவனாகிவிட்டது! என்னுடையதில் பேங்க் கணக்கு எதையும் திறப்பதில்லை. படம் பார்க்க மட்டும்தான். சீக்கிரம் லினக்ஸுக்கு மாற்றலாம் என்றிருக்கிறேன். அந்தக் கதையைத் தனியாக எழுதுகிறேன்.

நண்பர்களுக்குச் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். அடுத்த தடவை யாராவது “புதுசா வாங்கிடுங்க சார்” என்றால், கோபப்படாமல் ஒரே கேள்வி கேளுங்கள்: “எதனால கெட்டதுன்னு சொல்லுங்க தம்பி, வாங்கிடறேன்.” பதில் சொன்னால் அவர் நல்ல மெக்கானிக். காசு கொடுங்கள், கூடவே கொடுங்கள். பதில் வராவிட்டால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

ஏற்காட்டில் இருக்கிறவர்கள் யாருக்காவது படம் திக்கினால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். மஞ்சக்குட்டை என்றாலும் நாகலூர் என்றாலும் பஸ் ஏறி வந்து பார்க்கிறேன். காசு வேண்டாம். கடைசியாக வீட்டில் என்ன மாற்றினீர்கள் என்பதை மட்டும் யோசித்து வையுங்கள்.